கேபி அக்காவின் பத்துப் புள்ளிகள்

கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில், மூன்றாவது தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, சுவரைப் பார்த்தபடி நிற்கிறார் கேபி அக்கா. கையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். "வா, வா... வாடா கண்ணா... அட, வாயேண்டா... ம், வந்துட்டான்!" வந்தவன் ஆள் இல்லை, படம். முழங்காலை மடக்குவதும் நீட்டுவதுமாக ஓய்வில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கால். அது எத்தனை நொடியில் திரைக்கு வந்தது என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு அடுத்த படத்தைக் கூப்பிடுகிறார்.

எங்கள் கட்டடத்திலேயே சிக்னல் மிக மட்டமான இடம் அதுதான். ஒரே ஒரு கோடு. அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மாடியில் நல்ல இணைப்பு இருக்கும்போது இங்கே வந்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், "மாடியில எதுதான் ஓடாது சார்? ஒத்தக் கோட்டுல ஓடணும். நோயாளிங்க வீட்டுல ஒத்தக் கோடுதான்" என்பார். வாட்ச்மேன்தான் முதல் வாரம் வேறு மாதிரி நினைத்துவிட்டார். ஒரு பெண்மணி தினமும் பதினோரு மணிக்கு இருட்டு மூலையில் நின்றுகொண்டு போனைப் பார்த்து 'வாடா கண்ணா' என்றால் அவரும் என்ன செய்வார் பாவம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்தம்மாவுக்கு வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

எங்களுடையது ஒரு பிசியோதெரபி மையம். தரைத்தளத்தில் சிகிச்சைக் கூடம். மூன்றாவது மாடியில், பழைய ஊன்றுகோல்களும் சக்கர நாற்காலிகளும் அடுக்கிய அறையில் பாதியை ஒதுக்கி, இணையதளப் பிரிவு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பிரிவு என்றால் இரண்டு பேர். படங்களுக்குக் கீழே வரும் எழுத்து என்னுடைய வேலை. படங்கள் அக்காவின் வேலை. வீட்டுக்குப் போன நோயாளிகள் போனைப் பார்த்துப் பயிற்சி செய்வதற்காக, கை கால் கழுத்து இடுப்பு என்று நூற்று எண்பத்தாறு அசையும் படங்கள் எங்கள் தளத்தில் இருந்தன. எல்லாம் ஜிஃப் என்கிற பழைய வகை. ஆளுக்கு ஆள் அரைகுறையாக எடுத்து, ஏற்றி வைத்தவை. ஒவ்வொன்றும் ஆனை கனம். பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றும், நோயாளி தூங்கிவிடுவார். அவற்றை வெப்பி என்கிற புதிய வகைக்கு மாற்றி, எடையைக் குறைத்து, ஒத்தக் கோட்டில் ஓட வைப்பதற்காகத்தான் அக்காவை வேலைக்கு எடுத்தார்கள்.

பெயர்க் காரணம் சொல்லவேண்டியதே இல்லை. கிலோபைட் என்பதைக் கேபி என்று சுருக்கி, அந்தக் கேபியை நாளுக்கு இருநூறு முறை உச்சரித்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். தலைமைத் தெரபிஸ்ட்டை மொத்த மையமும் பெரிய மேடம் என்று கூப்பிடும், அவரே இவரை "என்ன கேபி, எவ்வளவு இளைச்சிருக்கு?" என்றுதான் விசாரிப்பார். இளைத்தது படம். "நாலாயிரத்துல இருந்து தொண்ணூறு மேடம். எலும்பும் தோலுமா ஆக்கிட்டேன்."

குறைப்பது அவருக்கு வேலை மட்டும் இல்லை, சுபாவம். மேசை நாட்காட்டியின் ஓரத்தை வெட்டிப் பைக்குள் அடங்கும் அளவுக்கு ஆக்கியிருக்கிறார். பிஸ்கட் வாங்கினால் அட்டைப்பெட்டியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வருவார். போனில் பேச்சு நான்கு சொல். "ம். சரி. வரேன். வை." ஒருநாள் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தார். கதை என்ன என்று கேட்டேன். "ஒருத்தன் ஒண்ணைத் தொலைச்சான். தேடினான். கிடைச்சது. அதுக்குள்ள அவனுக்கு வயசாயிடுச்சு." அவ்வளவுதான். இரண்டரை மணி நேரப் படம். நான் மூன்று பத்தி எழுதி நீட்டினால் மேலும் கீழும் பார்த்து, "எழுத்து சார், இதுல சதை எங்க இருக்கு, சொல்லுங்க. மிச்சத்தை எடுத்துருவோம்" என்பார். முதல் மாதம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷம் எழுதிச் சோறு தின்ற மனுஷனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது? பிறகு பழகிவிட்டது, சொன்னால் வெட்கம், பல இடங்களில் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

இப்படிப்பட்டவரின் தலைமுடிதான் எனக்குப் புதிராக இருந்தது. முன்நெற்றி முடி கண்ணை மறைத்துக்கொண்டு மூக்குவரை தொங்கும். நிமிடத்துக்கொரு முறை ஊதி ஊதித் தள்ளுவார். தாங்கவில்லை என்றால் மேசையில் கிடக்கும் கறுப்பு பைண்டர் கிளிப்பை எடுத்து, காகிதக் கட்டுக்குப் போடுகிற மாதிரி நெற்றிமேல் போட்டுக்கொள்வார். ஒரு கேபி கூடினால் துடித்துப் போகிறவர், இதை மட்டும் இப்படி வளரவிட்டால் கேட்கத் தோன்றாதா? கேட்டேன்.

"எங்க அண்ணன்தான் வெட்டும்" என்றார்.

"சரி, வெட்டிக்க வேண்டியதுதானே?"

"வெட்டும்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கை சரியாகட்டும்."

பிறகு துண்டு துண்டாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அண்ணனுக்கு முடிதிருத்தும் கடை. அக்காவுக்கு ஆறு வயதிலிருந்து அவர்தான் முடி வெட்டுகிறார். முதல் தடவை ஒரு பக்கக் காது தெரியும்படி வெட்டி அம்மாவிடம் அடி வாங்கினாராம். நான் கேட்டதற்கு ஒன்பது மாதம் முன்பு ஒரு காலையில் வாடிக்கையாளரின் கழுத்துத் துண்டை உதறிக்கொண்டிருந்தபோது வலது கை கீழே விழுந்தது, அண்ணனும் விழுந்தார். பக்கவாதம். பேச்சு வந்துவிட்டது, கால் வந்துவிட்டது. வலது கை மட்டும் முஷ்டியாக மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. கடையைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். அண்ணன் தினமும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் தளத்தைப் பார்த்துப் பயிற்சி செய்கிறார். கத்தரியின் இரண்டு வளையத்துக்குள் இரண்டு விரல் போகவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தங்கைக்கு வேண்டியதும் அதுதான். வேறு யார் கத்தரியும் அவர் தலையில் படக்கூடாது.

இனி எங்கள் இருவரின் பெருமையைச் சொல்லவேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

கைப் பயிற்சிப் படங்களுக்கு அக்கா வந்து சேர்ந்த அன்று, "சார், இங்க வாங்க, இந்தக் கூத்தைப் பாருங்க" என்று கூப்பிட்டார். அசையும் படம் என்பது அடுத்தடுத்த அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்பார்கள். திரையில் ஒரு படத்தின் எல்லா ஃபிரேமையும் பரப்பி வைத்திருந்தார். இடது கை, மூடிய வலது கையின் விரல்களைப் பிடித்து மெல்ல விரிக்கிறது. விரிந்த கை மேசைமேல் படிந்து நிற்கிறது. அதன்பிறகு அதே ஃபிரேம், அதே ஃபிரேம், அதே ஃபிரேம். எண்ணிப் பார்த்தார். நூறு.

"ஒரே படத்தை நூறு தடவை அடுக்கி வச்சிருக்காங்க சார்! சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு நூறு? யாருக்கோ விரல் பட்டனிலேயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கும்."

நானும் சிரித்தேன். அவர் ஒரே வரி ஆணை எழுதினார்: ஒரே மாதிரி ஃபிரேம் அடுத்தடுத்து வந்தால் தூக்கிப் போடு, மிச்சத்தைச் சம இடைவெளியில் கோத்துக் கொடு. நூற்று எண்பத்தாறு படமும் மளமளவென்று இளைத்தன. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு எம்பி இருந்தது பத்தொன்பதுக்கு வந்தது. கீழ்த்தளத்து ஒத்தக் கோட்டில் படங்கள் கூப்பிடுவதற்கு முன்னே வந்து நின்றன. பெரிய மேடம் மூன்றாவது மாடிக்கே ஏறி வந்து எங்கள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அந்தப் படத்துக்குக் கீழே, "விரித்த கையைப் பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதியது. அக்கா அதைக் காட்டி, "படமே காட்டுதே, அப்புறம் எதுக்கு எழுத்து?" என்றார். சரிதானே என்று தோன்றியது. எடுத்துவிட்டேன், மற்றப் படங்களின் கீழே இருந்த இதேபோன்ற வரிகளையும். படம் காட்டும் என்று நான் வரியை எடுத்தேன். நின்ற படத்தை அவர் எடுத்தார். ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் இதைச் செய்தோம் என்பதை நினைத்தால் இன்னமும் எனக்குக் காது சூடாகிறது.

மூன்று வாரம் கழித்து அண்ணன் பரிசோதனைக்கு வந்தார். புதிய பயிற்சி ஒன்றுக்கு எழுத்து வாங்குவதற்காக நான் கூடத்தில் இருந்தேன். அக்கா அண்ணனோடு வந்திருந்தார், நெற்றியில் கிளிப்போடு. நல்ல உயரமான மனிதர் அண்ணன். சட்டை இஸ்திரி கலையவில்லை, சவரம் வழவழவென்று இருந்தது. பெரிய மேடம் அவருடைய முஷ்டிக்குள் தன் விரலை நுழைத்துப் பார்த்தார். அது அவருடைய அளவுகோல். முகம் மாறியது.

"போன தடவை என் விரல் ரெண்டு உள்ள போச்சு. இப்ப ஒண்ணு போறதுக்கே இடிக்குது. வீட்டுல பயிற்சி பண்றீங்களா, இல்லையா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கிறீங்க? ஒரு நாளைக்கு நானூறு தடவை பண்றேன்."

"நானூறா? எங்க, பண்ணிக் காட்டுங்க."

அண்ணன் வலது முஷ்டியை மேசைமேல் வைத்தார். இடது கையால் விரல்களைப் பிடித்து வெடுக்கென்று விரித்தார், விட்டார். விரித்தார், விட்டார். பெட்டியை மூடித் திறக்கிற வேகம். பெரிய மேடம் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, யாரு உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது? வேகமா விரிச்சா நரம்பு இன்னும் முறுக்கிக்கும். விரிச்சுப் பத்து எண்ணி நிறுத்தணும், அந்த நிறுத்துறதுதான் பயிற்சியே. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா கைக்குப் பலகைச் சட்டம் போட்டு மாசக்கணக்கா கட்டி வைக்கணும். கத்தரியைப் பத்தி அப்புறம் யோசிக்க வேண்டியதுதான்."

அண்ணன் குழந்தை மாதிரி விழித்தார். "படத்துல இப்படித்தானே மேடம் காட்டுது? பாப்பா பண்ணின படம்... தப்பா இருக்குமா?"

பாப்பா என்று அவர் சொன்னது நாற்பத்தேழு வயது அக்காவை. அக்கா அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தார். படம் உடனே வந்தது. கை விரிந்தது, மூடியது, விரிந்தது, மூடியது. இரண்டு சுற்று பார்த்தார். எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது.

"அண்ணன் மேல தப்பு இல்லை மேடம்" என்றார் அக்கா. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "நிக்கிற இடத்தை நான்தான் வெட்டி எறிஞ்சேன். சும்மா நிக்குதுன்னு நினைச்சேன்."

கீழே எழுதியிருந்த வரியை எடுத்தவன் நான் என்று நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவர் தனியாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை. பெரிய மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "இதைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் பண்ணிட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவசரமாகச் செய்தால் கெடுவது முக்கியமாகக் கைதான் என்றார்; கைப் பயிற்சி எழுதிக் கொடுத்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர். பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு அக்கா மாடி ஏறினார். தளத்தில் போட மன்னிப்புக் குறிப்பு ஒன்றை நான் எழுதினேன். வழக்கம்போல நீண்டுவிட்டது. அவர் வாங்கி, கடகடவென்று அடித்து இரண்டு வரியாக ஆக்கினார். "கைப் படங்களில் நிறுத்தும் நேரம் விடுபட்டுவிட்டது. இனி விரித்த கையைப் பத்து எண்ணும்வரை வைத்திருங்கள்." பிறகு சற்று யோசித்து, மேலே ஒரு சொல்லைச் சேர்த்தார்: "மன்னிக்கவும்." அவர் என் எழுத்தில் ஒரு சொல் கூட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் போனை எடுத்தார். நான்கு சொல் பேசுகிற மனுஷி, ஐம்பத்தெட்டு பேரிடமும் தானே பேசினார். இரண்டரை நாள் ஆயிற்று. "ஆமாம்மா, சென்டர்ல இருந்துதான். இல்லம்மா, மேடம் இல்ல, படம் பண்றவ. தப்பு நடந்துபோச்சு, நான்தான் பண்ணினேன். இப்ப கையை மேசையில வைங்க. விரிங்க, மெதுவா. பிடிச்சுக்கங்க. எண்ணுங்க, நானும் கூட எண்றேன். ஒண்ணு... ரெண்டு..." பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஐம்பத்தெட்டு முறை பத்துவரை கேட்டேன். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். ஒரு பெரியவர் தனக்கு வந்த நோயின் முழு வரலாற்றையும் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அக்கா நடுவில் வெட்டவே இல்லை. "ம்... அப்புறம்?" என்றார். நான் என் காதையே நம்பவில்லை.

படத்தைத் திருத்துவது அதைவிட எளிதாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் வாட்டியது. நூறு ஃபிரேம் எதற்கு, ஒன்று போதும். அந்த ஒரு ஃபிரேமுக்கு எத்தனை நேரம் நிற்கவேண்டும் என்று குறிக்க அதன் தலையிலேயே ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் ஏற்கனவே ஓர் எண் இருக்கும். அதை அழித்துப் பத்து நொடி என்று மாற்றி எழுதினால் போதும்.

"எடை எவ்வளவு கூடும்?" என்று கேட்டேன்.

"கூடாது சார்." கிளிப்பைக் கழற்றி, மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பைட் கூடாது. சும்மா கிடைச்சிருக்கும். அதைப் போய்க் குப்பையில போட்டிருக்கேன் பாருங்க." கண் கலங்கிவிட்டது. முடி மறைத்ததால் நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

கை, கால், தோள் எல்லாம் சேர்த்து நிறுத்தவேண்டிய படங்கள் மொத்தம் நூற்று முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய மேடத்தைச் செய்து காட்டச் சொல்லி, கடிகாரம் வைத்து எண்ணி, கட்டத்தில் எழுதினார். நானும் என் பங்குக்கு எடுத்த வரிகளை எல்லாம் திரும்பப் போட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. "வாங்க சார், அண்ணன் பண்றதை நேர்ல பார்த்துட்டு வந்துருவோம். உங்களுக்கும் தலை காடாத்தான் இருக்கு" என்று மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாற்காலிக் கடை. பவுடர் வாசனை, எதிரெதிர்க் கண்ணாடி, சுவரில் ஒரு ரேடியோ. கூட்டாளி குட்டையாக, கலகலப்பானவர், என் கழுத்தில் துணியைக் கட்டி, "எழுத்து சாரா? பாப்பா சொல்லியிருக்கு. பக்கம் பக்கமா எழுதுவீங்களாமே?" என்றார். அக்காவை முறைக்கக்கூட முடியாமல் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. கடைசி நாற்காலியில் அண்ணன், எதிரே சீப்புகளுக்கு நடுவே சாய்த்து வைத்த போன். விரலை மெல்ல விரித்தார். நல்லது. படத்தில் கை நின்றது. அண்ணனும் நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது, சட்டென்று கையை விட்டுவிட்டு இடது விரலால் போனைத் தட்டினார்.

"என்ன அண்ணே?" என்றார் அக்கா.

"நெட்டு போயிடுச்சு பாப்பா. படம் தொங்கிடுச்சு. ரெண்டு நாளா இப்படித்தான், பாதியில பாதியில நின்னுடுது."

கூட்டாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒத்தக் கோட்டிலேயே வாழ்கிறவர்களுக்குப் படம் அசையாமல் நின்றால் தொங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். இத்தனை மாதமாக அவர்களுக்கு நாங்கள்தானே அதைப் பழக்கியிருக்கிறோம்? அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் கிடந்த முடியைப் பார்த்தார்.

"கீழ எழுதியிருக்குமே அண்ணே, பத்து எண்ணணும்னு. சார் எழுதியிருக்காரே."

"எழுத்தைப் பார்ப்பேனா, கையைப் பார்ப்பேனா? நீ அன்னைக்குப் போன்ல கூடவே எண்ணினியே, அப்பதான் சரியா வந்துச்சு. கூட ஒருத்தர் எண்ணினா பிடிச்சுக்கிட்டே இருக்கலாம் பாப்பா. தனியா இருந்தா, பிடிச்சிருக்கேனா விட்டேனான்னே தெரியலை."

என் வரி பயனில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதில் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனாலும் மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அறைக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் விரித்த கை ஒன்றை வரைந்து, அதன் கீழே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. பத்து வைத்தார்.

"கை நிக்கட்டும் சார். புள்ளி நடக்கட்டும். நொடிக்கு ஒண்ணு. பத்தும் வந்தா கையை விடலாம். படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும், தொங்கலைன்னும் தெரியும்."

"எடை?"

வாய்க்குள் கணக்குப் போட்டார். "படத்துக்கு நாலு கேபி. நூத்தி முப்பத்தொண்ணு. ஐநூத்தி இருபத்தி நாலு கேபி சார்!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒரு வாரம் முன்பு நான் அரைக் கேபி கேட்டிருந்தால் என்னை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருப்பார். இப்போது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "போகட்டும், தின்னட்டும்" என்று வேலையைத் தொடங்கினார். புள்ளியின் நிறத்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். சிவப்பு என்றால் ஆபத்து என்று பயப்படுவார்கள் என்றேன் நான். கடைசியில் பச்சை வென்றது, அதாவது நான்.

கீழ்த்தளத்தில் புள்ளிகள் தட்டுத் தடுமாறாமல் வந்தன. வாட்ச்மேன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். இவருக்கு வெகுநாளாகத் தோள்பட்டை வலியாம். அக்கா தோள் படத்தைத் திறந்து காட்டினார். தூணுக்குப் பின்னால் இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, பத்துப் புள்ளி வரும்வரை பேசாமல் சுவரைப் பார்த்தார்கள். மேலிருந்து இறங்கி வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை வேறு பக்கமாக எடுத்துக்கொண்டு போனார். இப்போது வாட்ச்மேன் பதினோரு மணிக்கு முன்பே அங்கே வந்து காத்திருக்கிறார்.

அடுத்த மாதப் பரிசோதனையில் பெரிய மேடத்தின் விரல் இரண்டு போயிற்று. பலகைச் சட்டம் வேண்டாம் என்றார். அதற்கு அடுத்த மாதம் மூன்று. அண்ணன் கட்டை விரலைத் தனியாக அசைத்துக் காட்டியபோது கூடத்தில் இருந்த மற்ற நோயாளிகள் எல்லாம் கை தட்டினார்கள். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கள் மேசையைத் தட்டினார்கள். அக்கா எனக்கு மாடியில் வந்து தகவல் சொன்னார். "மூணு சார்." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிஸ்கட்டை அட்டைப்பெட்டியோடு வாங்கி வந்திருந்தார்.

போன வாரம் கடையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் போனேன், எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, முடி வெட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அக்கா நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் துணியை உதறிக் கட்டினார், இடது கையாலும் பல்லாலும். பிறகு மேசையிலிருந்து கத்தரியை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டார். கட்டை விரல் சுலபமாக ஒரு வளையத்துக்குள் போனது. மோதிர விரலை மற்றக் கையால் பிடித்து, திருகி, இன்னொரு வளையத்துக்குள் விட்டார். வேர்த்துக் கொட்டியது. கூட்டாளி ரேடியோவை நிறுத்தினார்.

"முன்முடி வேண்டாம் அண்ணே, பின்னாடி எடு. கண்ணு கிண்ணுல பட்டுடப் போகுது" என்றார் கூட்டாளி.

"முன்னாடிதான்" என்றார் அக்கா. நெற்றியிலிருந்த பைண்டர் கிளிப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். பதினான்கு மாத முடி சரிந்து முகத்தை மூடியது. கண் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை.

அண்ணன் இடது விரல்களுக்கு இடையே ஒரு கற்றையைப் பிடித்தார். கத்தரி மெல்ல வந்தது. கற்றைக்கு இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டது. மூடவில்லை. கண்ணாடியில் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கூட்டாளிக்குப் பொறுக்கவில்லை. "விடுண்ணே, நான்..." என்று ஓரடி முன்னால் வந்தார்.

துணிக்கு அடியிலிருந்து அக்காவின் வலது கை வெளியே வந்தது. அவருக்கு ஒன்றும் தெரிய வழியில்லை. ஆனாலும் கூட்டாளி நின்ற பக்கம் பார்த்து உள்ளங்கையை நீட்டி, ஐந்து விரலையும் அகல விரித்து, அசையாமல் பிடித்தார். முடித் திரைக்குப் பின்னால் உதடு மட்டும் எண்ணுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. கத்தரி 'கிரிச்' என்று மூடி, முதல் கற்றை மடியில் விழும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.